கோட்டுக்கு மேலே

முதல் உழக்கை ஒன்று என்று எண்ணக் கூடாது, லாபம் என்றுதான் எண்ண வேண்டும், இது ஊரறிந்த விஷயம். ஆனால் நாலு உழக்குக்கு ஒரு தடவை மறுபடியும் லாபத்திலிருந்தே தொடங்கலாமா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை, கேட்பதற்கு வீட்டில் பெரியவர்களும் இல்லை, அதனால் கனி தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். நாலு உழக்கு என்பது ஒரு நாள். ஒவ்வொரு நாளும் புது நாள். ஆகவே ஒவ்வொரு நாளும் லாபம். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே புழுங்கலரிசியை அள்ளி அள்ளி டிரம்முக்குள் போட்டாள், காலி டிரம்மின் அடியில் முதல் சில உழக்குகள் விழுந்தபோது ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரிச் சத்தம் வந்தது, சீ, மழையை ஏன் இப்போது நினைக்க வேண்டும், சித்திரை வெயில் காலையிலேயே ஜன்னல் வழியாக வந்து முதுகைச் சுடுகிறது, மழையாவது ஒன்றாவது, அரிசி விழுந்த சத்தம் அரிசி விழுந்த சத்தம்தான். அடி மறைந்ததும் சத்தம் தணிந்து மெத்தென்று ஆகிவிட்டது, அதுதான் நன்றாக இருந்தது, அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். வெள்ளை டிரம், இரும்பு வளையம் போட்டுப் பூட்டுகிற மூடி, உள்ளே ஒரு பொட்டு ஈரம் போகாது என்று கடைக்காரர் கவிழ்த்துத் தட்டிக் காட்டியபோதே அவளுக்குக் கை பரபரத்தது, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய் வளையல் கடை முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருபத்தெட்டு வயசுக்காரிக்கு ஒரு டிரம்மைப் பார்த்து வரலாமா, வந்தது, என்ன செய்ய. நேற்று ராத்திரி படுக்கும்போதே காலண்டர் தாளைப் பார்த்து நல்ல நேரத்தை மனப்பாடம் பண்ணிவிட்டாள். விடிந்ததும் குளித்து, ஹாலில் கிழக்குப் பார்த்து டிரம்மை வைத்து, குங்குமம் கூட வைத்தாயிற்று. டிரம்முக்குக் குங்குமமா என்று புருஷன் லிங்கதுரை சிரித்தான். சிரிக்கட்டும், லாரிக்கு வைக்கிறார்கள், கிரேனுக்கு வைக்கிறார்கள், அவன் ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்டுக்கு ஆயுத பூஜை அன்றைக்குப் பூசணிக்காயே உடைக்கிறார்கள், சோறு போடுகிற டிரம்முக்கு ஒரு பொட்டு வைத்தால் ஆகாதா. லாபம், ரெண்டு, மூணு, நாலு. நாலு என்று சொல்லும்போது மட்டும் குரல் தானாகவே தாழ்ந்தது. அந்த நாலு அவளுக்கு மட்டும் தெரிந்த நாலு. லிங்கதுரை காதில் விழுந்தாலும் பரவாயில்லை, நாலு உழக்கு ஒரு படி, படிக் கணக்கில் அளக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொள்வான், பாவம்.

ஆளுக்கு ஒரு உழக்கு, வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள், அவன், இரண்டரை வயது ஆதவன். நாலாவது ஆள் செவ்வாய்க்கிழமை காலையில் குளியலறையில் இரண்டு சிவப்புக் கோடாக வந்து நின்றது. நின்றது என்று சொல்வதா வந்தது என்று சொல்வதா, எப்படிச் சொன்னாலும் வயிற்றுக்குள் ஒரு குளிர் ஓடி, அதன் பின்னாலேயே ஒரு சிரிப்பும் ஓடி வந்தது, குளிர் முந்தியா சிரிப்பு முந்தியா என்று அன்றைக்கெல்லாம் யோசித்தாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள், வைகாசி, ஆனி, ஆடி, எண்ணிக்கொண்டே போன விரல் மார்கழியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் மார்கழி. மாதமா இல்லை உலகத்தில், இந்தப் பிள்ளைக்கும் அதே மார்கழிதானா வேண்டும். எண்ணி முடித்த விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே சுவரில் அந்தக் கோடு. எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அது வந்துவிடுகிறது. லிங்கதுரை இரண்டு தடவை சுரண்டி, பட்டி பார்த்து, ஒரு தடவை நீல நிறம், ஒரு தடவை சந்தன நிறம் அடித்துப் பார்த்தான், மூன்றாம் மாதம் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உரிந்து, ஹாலில் தொடங்கி அடுக்களை வரைக்கும், ஜன்னல் கம்பியின் பாதி உயரத்தில், கொத்தனார் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டமாகத் தெரிந்துவிடும். வெள்ளம் அந்த அளவுக்கு நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன பார்டரா என்று கேட்பார்கள். கனி இப்போதெல்லாம் எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறாள், இது கோட்டுக்கு மேலே வைக்கிற சாமானா, கீழே வைக்கிற சாமானா. மிக்சி மேலே. செருப்பு கீழே. ஆதவன் பிறந்த சர்டிஃபிகேட் மேலே. கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் போனால் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, கோட்டுக்கு மேலே இருப்பதுதான் குடும்பம்.

வெள்ளம் வந்த அந்த மார்கழியில் ஆதவனுக்குப் பேர்கூட வைக்கவில்லை. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தாய் இல்லாத பெண்ணுக்குப் பிறந்த வீடு ஏது, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் புகுந்த வீட்டுக்கே வந்துவிட்டாள், லிங்கதுரையே போனில் பார்த்துப் பார்த்துப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது, ஆனால் பால் சுரந்தது, ஜாக்கெட் நனைகிற அளவுக்குச் சுரந்தது, அதுதான் ஆச்சரியம். அப்புறம் மழை. விடிந்தபோது கட்டில் கால் தண்ணீரில் நின்றது. பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு லிங்கதுரை முன்னால் போக, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இவள் பின்னால் போக, எதிர்வீட்டு ஜெபக்கனி அக்கா மாடியில் போய் ஏறினார்கள், தெருவே அங்கேதான் ஏறியிருந்தது. இந்த வீட்டில் தரையில் வைத்திருந்த அரிசி மூட்டை ஊறிப் பெருத்து வெடித்தது. பூண்டு மிதந்தது, பெருங்காய டப்பா மிதந்தது, பிள்ளை பெற்றவளுக்கென்று வாங்கி வைத்த அத்தனையும் வாசல் வழியாக வரிசையாக வெளியே போனதை மாடியில் நின்று பார்த்தாள், அவற்றுக்கும் கல்யாண வீடு எங்கோ இருக்கிற மாதிரி. ஜெபக்கனி அக்கா வீட்டு அடுப்பும் கீழேதான், அதுவும் போயிற்று. மேலே ஒரு சாக்கில் அவல் இருந்தது. அக்கா அதை மழைத் தண்ணீரில் நனைத்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள், தனக்கு எடுத்துக்கொண்டாளா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கை அவல், மறுநாள் ஒரு கை அவல். பிள்ளை அழுதான், அழுதுகொண்டே சப்பினான், சப்பிச் சப்பி வராமல் அழுதான், வராமல், அதை நினைக்கக் கூடாது, லாபம், ரெண்டு, அரிசி எத்தனை வெள்ளையாக இருக்கிறது, மூணு, அழுதது கூடப் பரவாயில்லை. அழுகை நின்றதுதான். மூன்றாம் நாள் மத்தியானம் அழுகை நின்றது, தூங்கிவிட்டான் என்று பக்கத்தில் ஒருத்தி சந்தோஷப்பட்டாள், தூங்கவில்லை, கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு. நாலு போட்டாளா, மூணா. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சரி, இன்னொன்று போடு, கூடினால் என்ன குறைந்தா போகும்.

"அம்மா, நானு! நானு போதேன்!" என்று ஆதவன் வந்து அரிசிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டான். அன்றைக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளை இவன்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், கன்னம் இரண்டும் பன் மாதிரி, காலையில் மூன்று இட்லி தின்றுவிட்டு நாலாவதை நாய்க்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலம் படகில் ஒரு பையன் பால்பவுடர் டின்னை நீட்டாமல் இருந்திருந்தால், சரி, நீட்டினான், கதை முடிந்தது. சூரியன் என்று அர்த்தம் வருகிற பேர்தான் வைப்பேன் என்று லிங்கதுரை அடம்பிடித்து ஆதவன் என்று வைத்தான். "எங்கய்யால்ல, கீழ சிந்தப்படாது," என்று கனி அவன் கையைப் பிடித்து ஒரு உழக்கைப் போட வைத்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே. அதையும் லாபம் என்றே எண்ணிக்கொண்டாள். அடுக்களையில் பரணைத் துடைத்துவிட்டு வந்த லிங்கதுரை தலையெல்லாம் ஒட்டடையோடு நின்று, தரையில் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்தான். அவல், பொரிகடலை, சத்துமாவு, நெத்திலிக் கருவாடு, புளி, வசம்பு, ஒரு டப்பா நிறையச் சில்லுக் கருப்பட்டி. குனிந்து கருப்பட்டி டப்பாவைத் திறந்தான்.

"தொடாதிய. அது தண்ணி வரும்போது திங்கதுக்கு."

"ஒன்னே ஒன்னுட்டி."

"ஒன்னும் கிடையாது. கையை எடுங்க."

"தண்ணி வரும்போது நான் மாடியில உக்காந்து கருப்பட்டிய கடிச்சிக்கிட்டா இருப்பேன்?" என்று அவன் சிரித்தான். "சித்திரையில உக்காந்து மார்கழிக்குக் கருப்பட்டி எண்ணுத ஒரே பொம்பள இந்தத் தூத்துக்குடியிலயே நீதாம்ட்டி."

மார்கழி என்று அவன் வாயில் வந்ததும் இவளுக்குத் திக்கென்றது. தெரிந்துவிட்டதோ. இல்லை, சும்மா சொல்கிறான், மழை என்றால் மார்கழி என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அவன் டப்பாவை மூடிவிட்டு, மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி பரணுக்குப் போனான், போகும்போது ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டே போனான். அந்த விசில் கேட்டதும் அப்படியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து இப்படித்தான் வருகிறது, சோறு போடும்போது வருகிறது, அவன் சட்டைப் பையில் ஹார்பர் டோக்கனைத் தேடும்போது வருகிறது, வந்து வந்து திரும்பிப் போகிறது. சந்தோஷமான செய்தியைப் புருஷனிடம் சொல்ல என்ன பயம் என்று யாராவது கேட்கலாம். அவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. மாடியில் அந்த மூன்று நாளும் அவன் பால்பவுடர் தேடி இடுப்பளவு தண்ணீரில் போய்ப் போய் வெறுங்கையோடு வந்து படியில் நிற்பான், நின்று இரண்டு கையையும் இப்படி விரித்துக் காட்டுவான், முகத்தில் ஒன்றும் இருக்காது, அழித்துவிட்ட சிலேட்டு மாதிரி. கனிக்குப் பசிகூட மறந்துவிட்டது, அந்த முகம் மறக்கவில்லை. அப்புறம் வெள்ள நிவாரண முகாமில் வைத்து அத்தனை பேர் முன்னாலும் அவள்தான் சொன்னாள், இந்த வீட்டுக்கு மாடி எடுக்காமல் இன்னொரு பிள்ளை கிடையாது என்று. அவனும் கிடையாது என்றான், சத்தியம் பண்ணுகிற மாதிரி. மாடி இன்னும் நாலு கம்பியாக ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பிள்ளை முந்திக்கொண்டு வந்துவிட்டது. இப்போது போய் மார்கழி என்று சொன்னால் அந்தச் சிலேட்டு முகம்தான் முதலில் வரும், அப்புறம் சிரிப்பு வரலாம், ஆனால் முதலில் எது வருகிறது என்பதுதான் கணக்கு. இந்தப் பிள்ளையின் சேதியைக் கேட்டு முதலில் வருவது பயமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்பது, பெரிய கேள்வியா இது. அதற்காகத்தான் இந்த டிரம். டிரம் நிறைந்து, வளையம் பூட்டி, பரண் மேலே, கோட்டுக்கு வெகு மேலே போய் உட்கார்ந்த பிறகு, அவனை அடுக்களைக்குக் கூட்டிப்போய், அண்ணாந்து பாருங்க என்று சொல்லி, அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவது. கண் மேலே இருக்கும்போது பயம் எப்படி வரும். இதைச் செவ்வாய்க்கிழமையே தீர்மானித்துவிட்டாள், தீர்மானித்ததிலிருந்து உடம்பு தரையில் நிற்கவில்லை.

சாமான் சேர்ப்பது அதற்கும் முந்தியே தொடங்கியிருந்தது, முதலில் போனில்தான் தேடினாள். அவசரத்துக்கு உணவுச் சேமிப்பு என்று அடித்ததும் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள், வீட்டுக்கு அடியில் ஒரு வீடு கட்டி, தரையிலிருந்து கூரை வரைக்கும் டப்பா டப்பாவாக அடுக்கி, ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காட்டினாள், இருபத்தைந்து வருஷம் கெடாதாம். வீட்டுக்கு அடியில் வீடு! அம்மா தாயே, எங்கள் ஊரில் ரெண்டு முழம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும், நாங்கள் பரண் மேல்தான் ஏற வேண்டும் என்று போனிடமே சொன்னாள். ஆனால் அந்த அம்மா சொன்னதில் ஒன்று மனசில் ஒட்டிக்கொண்டது, வைத்ததை அப்படியே வைத்திருக்காதே, பழையதை எடுத்துச் சமை, புதியதைப் போட்டு நிரப்பு என்றாள், அது சரிதானே, மாசம் ஒரு தடவை இட்லிக்கும் சோற்றுக்கும் இதிலிருந்தே எடுத்தால் வண்டு விழாது. அரிசி மட்டும் போதாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அடுப்பு மூழ்கினால் அரிசியும் கல்லும் ஒன்று, அதனால்தான் அவல், அதனால்தான் பொரிகடலை, அதனால்தான் அடுக்களை மூலையில் அந்தக் குட்டி சிலிண்டர். போன வாரம் கடைத்தெருவிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து, வாசலிலிருந்து ஒற்றையாக இழுத்து உள்ளே வைத்தாள், அப்போது தெரியாதே, தெரிந்த பிறகு நினைத்து நினைத்து வயிற்றைத் தடவிக்கொண்டாள், ஒன்றும் ஆகியிருக்காது, ஒன்றும் ஆகாது. அவலில் பாதி ஜெபக்கனி அக்காவுக்கு. அதைத் தனிப் பையில் கட்டி, மேலே ஒரு முடிச்சுக் கூடுதலாகப் போட்டுவைத்திருக்கிறாள். ஒரு கை அவலுக்கு ஒரு மூட்டை அவல் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கணக்கு தீராது.

மேலே மேலே வந்துகொண்டிருந்த அரிசி கடைசியில் விளிம்புக்கு வந்துவிட்டது. நடுவில் நடுவில் வசம்பும் வேப்பிலையும் போட்டு, கை வைத்துச் சமப்படுத்தி, ஆதவனைக் கூப்பிட்டு அதன் மேல் அவன் உள்ளங்கையைப் பதிய வைத்தாள், ஐந்து விரலும் அழகாக விழுந்தது. "வாங்க, வாங்க, நல்ல நேரம் முடியப் போவுது!" என்று கத்தினாள். லிங்கதுரை ஓடி வந்து மூடியைப் போட்டு, வளையத்தை மாட்டி, முழங்காலை ஊன்றிக்கொண்டு கொண்டியை அழுத்தினான். டக் என்று விழுந்தது. என்ன ஒரு சத்தம், ஆயிரம் வாலா வெடித்தாலும் அந்தச் சந்தோஷம் வராது. கனி கை தட்டினாள், அம்மா தட்டுகிறாளே என்று பிள்ளையும் தட்டினான். லிங்கதுரை டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், முதுகில் தட்டிக் கொடுக்கிற மாதிரி அதைத் தட்டினான். பிறகு தட்டின கையை எடுக்காமலே நின்றான். "ஏட்டி," என்றான் மெதுவாக, "இத நீ எங்க வைக்கணும்ன?"

"பரண்ல."

"பரண்ல. சரி. நெறச்சது எங்க?"

இருவரும் டிரம்மைப் பார்த்தார்கள். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார்கள். காலி டிரம்மை ஒற்றைக் கையால் மேலே தூக்கி வைத்துவிட்டு அங்கேயே அரிசியை ஏற்றியிருக்கலாம், அது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் காலையில் பல் தேய்க்கும்போதிருந்தே அவளுக்குக் கிழக்கும் நல்ல நேரமும்தான் தெரிந்தது, பரண் தெரியவில்லை. அவனுக்கும் ஒட்டடைதான் தெரிந்தது. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹார்பரில் தினம் டன் கணக்கில் சரக்கைத் தூக்கி ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மேலே அடுக்குகிறவன், அவன் வீட்டு அரிசி நடுவீட்டில் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கனியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வர, சிரிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் பதைத்தது, இது மேலே ஏறாவிட்டால் நான் எப்படிச் சொல்வேன்.

"சரி வா. ஒரு பக்கம் புடி," என்று அவன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான். "மொதல்ல ஸ்டூல் மேல ஏத்துவோம். அங்கேருந்து மேல தள்ளிரலாம்."

"வேண்டாம்."

"என்னது வேண்டாம்? பொறவு இப்படியே நடுவீட்டுல வச்சுக் கும்பிடவா?"

"நான் தூக்கல. இடுப்பு வலிக்கு."

"போன வாரம் சிலிண்டர ஒத்தையில இழுத்துட்டு வந்தவதானட்டி நீ?" என்றான், சிரிப்பு இன்னும் குரலில் இருந்தது. அவன் தோளைக் குலுக்கிவிட்டு, டிரம்மை உருட்டி உருட்டி அடுக்களைக்குக் கொண்டுபோனான், ஸ்டூலை இழுத்துப் போட்டான், டிரம்மைக் கட்டிப் பிடித்து மூச்சை இழுத்து ஒரே தம்மில் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தும்விட்டான். கனிக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் ஸ்டூலின் ஒரு கால் சறுக்கியது. டிரம் அவன் நெஞ்சின் மேல் சாய்ந்தது, அவன் கழுத்து நரம்பு புடைத்தது, "புடிட்டி! ஒரு கை குடு!" என்றான், அவள் கை இரண்டும் தானாகவே நீண்டன, டிரம்மைத் தொடப் போயின, தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றன. நின்று, திரும்பி வந்து, அடிவயிற்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டன. அவன் நெஞ்சுக்கும் தன் வயிற்றுப் பிள்ளைக்கும் நடுவில் நின்று, "இறக்குங்க, இறக்கிருங்க, அரிசி போனா போவட்டும்!" என்று கத்தினாள். ஆதவன் அழத் தொடங்கினான். லிங்கதுரை பல்லைக் கடித்துக்கொண்டு டிரம்மைத் தன் தொடையின் மேலாகவே சறுக்கவிட்டுத் தரையில் இறக்கினான். இறக்கிவிட்டு, அதன் மேலேயே கையை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"கைய நீட்டுன. நீட்டிட்டு இழுத்துக்கிட்ட. என்னட்டி ஆச்சு உனக்கு?" கோபமாகத்தான் கேட்டான், கேட்கக்கூடியதுதான்.

"நான் இப்ப கனம் தூக்கப்படாது."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. இப்படியா சொல்ல வேண்டும், அண்ணாந்து பாருங்க என்று சொல்லவில்லை, டிரம் மேலே ஏறவில்லை, புருஷன் தொடை சிராய்த்து நிற்கிறான், பிள்ளை அழுகிறான், பக்கத்தில் குட்டி சிலிண்டர் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆதவன் வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரி நர்சம்மா இதே வார்த்தையைத்தான் சொன்னாள், கேட்டுக்கொண்டு நின்றவன் இவன்தான். அவன் மெதுவாக நிமிர்ந்தான். அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். "எப்போ?" என்றான். "மார்கழி," என்றாள். "டாக்டர்ட்ட இன்னும் போகல. நானா எண்ணுனதுதான்."

அவன் கண் சுவருக்குப் போயிற்று. அவள் எதற்குப் பயந்தாளோ அதேதான், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நேராகக் கோட்டுக்குத்தான் போயிற்று. உப்புப் பூத்த அந்தக் கோட்டின் மேல் கண் நிலைத்தது, முகம் அழியத் தொடங்கியது, விழியில் தொடங்கி வாய் வரைக்கும் அழிந்துகொண்டே வந்தது. போச்சு என்று கனி நினைத்தாள். இந்தப் பிள்ளைக்கும் முதல் சீர் பயம்தான். தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று பார்த்தாள், குனிய முடியவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதனால்தான் அடுத்ததையும் பார்த்தாள். அவன் கண் கோட்டில் நிற்கவில்லை. அங்கிருந்து மெல்ல மேலே ஏறியது, ஜன்னல் மேல்கட்டைக்கு வந்தது, இன்னும் ஏறிப் பரண் விளிம்பில் போய் நின்றது, மறுபடி இறங்கிக் கோட்டுக்கு வந்து, மறுபடி ஏறியது. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து சரக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இடம் எவ்வளவு என்று பார்க்கிற கண் அது. ஒரு ஆள் உயரத்தில் முக்கால்வாசி இடைவெளி இருந்தது. கண் அதை அளந்து முடித்துவிட்டு டிரம்முக்கு வந்தது, வாசல் வழியாக ஹாலில் இருந்த கருப்பட்டி டப்பாவுக்குப் போனது, அவலுக்குப் போனது, கடைசியில் அவளிடம் வந்தது. வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"பத்தாதுட்டி," என்றான்.

"என்னது?"

"டிரம். இன்னொன்னு வாங்கணும்."

"எல்லாம் பத்தும். நாலு பேருக்கு அளந்துதான் போட்டிருக்கேன்."

"நாலு பேருக்கா? நாலு உழக்கு ஒரு படின்னுல்லா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்!" அவனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, தலையில் கை வைத்துக்கொண்டான். "இத்தன நாளா நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டு என்னையப் பரணத் தொடைக்க விட்டிருக்க. நமக்குன்னு பாத்து வேற மாசமே கிடைக்கலியா? மார்கழிதானா? ஏ, சரி, பொறக்கப் போற பிள்ள அரிசியா திங்கும்?"

"அது திங்காது. அதுக்கும் சேத்து நான் திங்கணும்லா."

சிரித்துக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டான். மாடி, படி, விரித்த கை, சப்பிச் சப்பி வராமல் போன அந்த மத்தியானம், அதெல்லாம் இருவருக்கும் நடுவில் ஒரு கணம் வந்து நின்றுவிட்டுப் போயிற்று. ஹாலுக்குப் போனான், டப்பாவைத் திறந்து ஒரு சில்லுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"அது தண்ணி வரும்போது திங்க," என்று ஆரம்பித்தாள்.

"தொறட்டி வாய."

திறந்தாள். சுக்கும் ஏலமும் நாக்கில் கரைந்தன, அழுகையா இனிப்பா என்று தெரியவில்லை, இரண்டும்தான், நன்றாக இருந்தது, சொல்ல முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. அழுதுகொண்டிருந்த ஆதவன் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் வாயையும் ஆவென்று திறந்து காட்டினான். அவனுக்கும் ஒன்று. லிங்கதுரை தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டான், கனி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். பிறகு பழைய பெட்ஷீட்டை விரித்து, டக் என்று பூட்டிய வளையத்தை டக் என்று கழற்றி, அத்தனை அரிசியையும் அதன் மேல் சாய்த்தார்கள். ஐந்து விரல் அடையாளம் எங்கோ உள்ளே போயிற்று. "நல்ல நேரம் முடிஞ்சிட்டு," என்றாள். "முடிஞ்சா முடியட்டும்," என்றான். காலி டிரம்மைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறி, நிமிர இடமில்லாமல் குனிந்து உட்கார்ந்து, கையைக் கீழே நீட்டினான். கனி ஒரு உழக்கு அரிசியை அள்ளி மேலே கொடுத்தாள். ஒரு உழக்கு என்ன கனம், இதை அவள் தாராளமாகத் தூக்கலாம்.

"லாபம்," என்றான் அவன் மேலிருந்து, சத்தமாக. வாங்கிக் கொட்டிவிட்டு உழக்கைத் திருப்பிக் கொடுத்தான். "ரெண்டு." கொட்டினான். "மூணு." மூன்றாவதையும் கொட்டிவிட்டு, காலி உழக்கைக் கொடுத்துவிட்டு, நீட்டிய கையை எடுக்காமல் அப்படியே காத்திருந்தான். கனி நாலாவது உழக்கைத் தலை தட்டாமல் கும்பாச்சியாகக் குவித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து, அவனிடம் தூக்கிக் கொடுத்தாள்.